வல்லி பீர்

பையை நான் மடியிலயே வெச்சுக்கறேன் சார், நீங்க தாராளமா உக்காருங்க. பாகூர்தானே போறீங்க? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். பாக்கெட்ல ரெண்டு பேனா இருக்குது, பேங்க்ல வேலையா? ஸ்கூலா! வாத்தியார்னு மூஞ்சியிலயே எழுதியிருக்குது சார். நான் ஏறும்போதே நெனச்சேன், படிச்ச ஆளு பக்கத்துல உக்காரணும்னு.

என் பேரு நந்தகோபால். பீர் கம்பெனில இருக்கேன். பேரு சொல்ல வேணாம், நீங்க எந்தக் கடைக்குப் போனாலும் கண்ணு முன்னால நிக்கிறது எங்க பாட்டில்தான். பாண்டிச்சேரி பூரா சேல்ஸ் நம்ம பொறுப்பு. இருபத்தாறு வருஷம். ஆனா ஒண்ணு சொல்றேன், சாமி சத்தியமா ஒரு சொட்டு நாக்குல வெச்சதில்ல. சிரிக்காதீங்க. காலைல குளிச்சு விபூதி பூசிக்கிட்டுதான் பாருக்குள்ள நுழைவேன். அது தொழிலு, இது நான். ரெண்டையும் கலக்க மாட்டேன்.

எங்க போறேன்னு கேக்கறீங்களா? என் தங்கச்சி வீட்டுக்கு. குமுதவல்லின்னு பேரு. என்னைவிடப் பதிமூணு வயசு சின்னவ. ரெண்டு வருஷமா என்கிட்டப் பேசறதில்ல சார். கூடப்பொறந்தவன்கிட்ட! அப்பிடி என்னா கொலையா பண்ணிட்டேன்? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. வாத்தியாரு நீங்க, நியாயமாச் சொல்வீங்க.

அவ நல்லாப் படிச்சா. சாப்பாட்டுச் சாமான் பத்திதான் படிப்பு. எங்க கம்பெனி ஃபேக்டரியிலயே லேப்ல வேலை வாங்கிக் கொடுத்தது யாரு? நான்தான். எட்டு வருஷம் இருந்தா. கல்யாணம் வேணாம்னுட்டா. சரி, வேலையாவது இருக்குதேன்னு இருந்தேன். ஒரு நாள் வேலையை விட்டுட்டேண்ணான்னு வந்து நிக்கிறா. ஏன்டீன்னா, சொந்தமா பீர் காய்ச்சப் போறேங்கறா.

சொந்தமா! பீரு என்னா ரசமா சார், வீட்டுல வெச்சு எறக்கறதுக்கு? நம்ம ஃபேக்டரிய நீங்க பாக்கணும். ஒரு டேங்க் மூணு மாடி ஒசரம். இவ பாகூர்ல ஒரு மூடிப்போன ஐஸ் ஃபேக்டரிய வாடகைக்கு எடுத்தா. தண்ணித்தொட்டி அளவுல நாலு டேங்க். தெரசான்னு ஒரு பொம்பளை ஒத்தாசைக்கு. லைசென்ஸுக்கு மட்டும் ஒன்றரை வருஷம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சா. ஒரு பொம்பளைக்கு இது எதுக்கும்மான்னு அங்க ஒருத்தன் கேட்டானாம். அவன் சும்மாவா கேட்டான்? நானும் அதையேதான் கேட்டேன்.

ஆனா பீரு நல்லா வந்துச்சு சார். நான் குடிச்சுப் பாக்கல, ஊரே சொல்லிச்சு. பார்லியோட சீரகச் சம்பா நொய்யப் போட்டுக் காய்ச்சினா. வல்லி பீர்னு பேரு வெச்சா. மாசத்துக்கு மொத்தமே நூறு பெட்டி, அதையும் பன்னெண்டு கடைக்குப் பிரிச்சுக் கொடுப்பா. வெள்ளைக்காரங்க வந்து குடிப்பாங்க, மெட்ராஸ்லேருந்து கார்ல பசங்க வருவாங்க. அந்தப் பன்னெண்டுல பெரிய கடை லூயி பிரகாசத்தோட பாரு. ரோமேன் ரோலன் தெருவுக்கு அந்தாண்ட. லூயி நம்ம ஆளுதான், இருபது வருஷமா எங்க சரக்குதான் ஓட்டறான்.

அங்கதான் சார் அந்தப் பேச்சு வந்துச்சு. வல்லி பீரு லூயி பாருக்கு வந்த மொத நாளு. ஜனம் நெறைய. நான் அண்ணன்ங்கற முறையில போயிருந்தேன். எவனோ ஒருத்தன் கேட்டான், உங்க பீருக்கும் பெரிய கம்பெனி பீருக்கும் என்னம்மா வித்தியாசம்னு. இவ என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே சொல்றா. அண்ணன் விக்கறது செத்த பீரு, என்னது உயிரோட இருக்குதுன்னு. மொத்த பாரும் கையத் தட்டிச் சிரிச்சுது. லூயியும் சிரிச்சான்.

அவ விளக்கமும் சொன்னா. நாங்க பீரச் சூடு பண்ணி, வடிகட்டி, உள்ள இருந்து புளிக்க வைக்கற ஈஸ்ட்டக் கொன்னுடறோமாம். அதனால ஒரு வருஷம் லாரியில போட்டு உருட்டினாலும் ஒண்ணும் ஆவாதாம். இவ கொல்லறதில்லயாம். பாட்டில்ல அடைக்கும்போது துளி வெல்லம் போட்டு உயிரோட மூடிடறாளாம். ஃப்ரிட்ஜ்ல இருந்தா அது தூங்குமாம். வெளிய வெச்சா முழிச்சுக்குமாம், வெல்லத்தைத் தின்னுட்டு கேஸ் விடுமாம். இதெல்லாம் எனக்கே தெரியும் சார், அவ ஐஸ் ஃபேக்டரியில நானே பாத்திருக்கேன். ஃப்ரிட்ஜுக்கு வெளிய ரெண்டு நாளைக்கு மேல கெடந்த பாட்டில்னா, அவளும் தெரசாவும் மூஞ்சிக்குக் கண்ணாடி மூடி போட்டுக்கிட்டு, பாட்டில் மேல ஈரச் சாக்கப் போத்திதான் தொடுவாங்க. ஒரே நாள்னா சும்மா கையால எடுத்துடுவாங்க.

சிரிச்சது எனக்கு வலிச்சுது சார். மறைக்க மாட்டேன். ராத்திரி சோறு எறங்கல. அத்தனை வருஷமா ஒருத்தன் பொணத்தையா வித்துக்கிட்டு இருந்தான்? திருப்பி ஒரு வார்த்தை சொல்லலாம்னா, நான் குடிச்சுப் பாத்ததில்ல. என்னான்னு சொல்றது?

மரப்பாலம் தாண்டிட்டோம். கூட்டம் எறங்குது, நல்லா சாஞ்சு உக்காருங்க.

இப்ப ஃப்ரிட்ஜ் கதைக்கு வர்றேன். பாருல கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரிட்ஜ் நிக்குது பாருங்க, அது கடைக்காரன் வாங்கினதில்ல. நாங்க சும்மா கொடுக்கறது. ரிப்பேர்னாலும் நாங்கதான். பதிலுக்கு ஒரே ஒரு கண்டிஷன்: கம்பெனி ஃப்ரிட்ஜ்ல கம்பெனி பாட்டில்தான் இருக்கணும். செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை நான் கதவத் தொறந்து போட்டோ எடுத்து அனுப்பணும். வேற பாட்டில் இருந்தா ஃப்ரிட்ஜத் தூக்கிடுவோம். இந்த ஊரு வெயிலுக்கு ஃப்ரிட்ஜ் இல்லாம எவன் கடை நடத்துவான்? சின்னச் சின்னதா பீரு காய்ச்சறானுங்களே, அவனுங்க எங்க போனாலும் இந்தக் கதவுகிட்டதான் வந்து முட்டிக்கணும். நல்ல பீரா கெட்ட பீராங்கறதெல்லாம் அப்புறம்.

இது வல்லிக்கும் தெரியும். அதனால என் வீட்டுக்கு வந்தா. காபி கூடக் குடிக்கல. அண்ணா, எல்லாக் கடையிலயும் கீழ்த்தட்டு மட்டும் எனக்கு விடுங்கண்ணா, போட்டோவுல அது விழாம எடுங்கண்ணா, ஒரே ஒரு வருஷம், சொந்தமா ஃப்ரிட்ஜ் வாங்கற வரைக்கும்னு கெஞ்சினா. மனசு எளகிடுச்சு சார். சரின்னுட்டேன். ஆறு மாசம் மேல் மூணு தட்ட மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினேன். யாரு செய்வா? சொல்லுங்க, எந்த அண்ணன் செய்வான்? இதை அவ எங்கயாவது சொல்லுவாங்கறீங்க? சொல்ல மாட்டா.

அப்புறம் மே மாசம், கத்திரி வெயிலு. சதுர்வேதி சாருன்னு எங்க பெரிய மேனேஜர் மும்பையிலேருந்து வந்தாரு. ஒரு செவ்வாக்கிழமை, கடை பாக்கலாம் வான்னு என்னைக் கூட்டிக்கிட்டு நேரா லூயி பாருக்குத்தான் போனாரு. அவருக்கு யாரோ சொல்லியிருக்கணும். கதவத் தொறந்தாரு. கீழ்த்தட்டு பூரா வல்லி பீரு. இது என்னங்கறாரு. இவனுங்க தெரியாம வெச்சிருக்கானுங்க சார்னு லூயியக் காட்டினேன். லூயி என்னை ஒரு பார்வை பாத்தான். காட்டிக் கொடுக்கல, பாவம்.

நான் கேட்டேன் சதுர்வேதி சாரை. நாம ஒரு நாளைக்கு அனுப்பற லாரியில ஒரு மூலைக்குக்கூட வராதே சார் இது, இதப் போயி பெருசு பண்ணணுமான்னு. அவரு தங்கமான மனுஷன், கோவப்படல. நந்தகோபால், நூறு பெட்டி பெருசில்ல, நாக்குதான் பெருசு, நாக்கு ஒரு தடவ இதுக்குப் பழகிட்டா நம்மகிட்டத் திரும்பாதுன்னாரு. எவ்ளோ பெரிய படிப்பு பாருங்க.

அவரு நிக்கும்போதே நானே குனிஞ்சு ஒவ்வொரு பாட்டிலா எடுத்தேன். மூணு பெட்டி. எங்க வெக்கறதுன்னான் லூயி. மொட்டை மாடியில தகரக் கொட்டாய் இருக்குதே, அங்க வைடான்னேன். வல்லிக்கு போன் பண்ணி எடுத்துட்டுப் போகச் சொல்லட்டுமான்னு கேட்டான். நீ ஒண்ணும் சொல்ல வேணாம், எங்க வீட்டு விஷயம், நான் சொல்லிக்கறேன்னுட்டேன்.

அன்னிக்கே சொல்லியிருக்கலாம்தான். சதுர்வேதி சார் கூடவே இருந்தாரு. புதன்கிழமை மீட்டிங். வியாழக்கிழமை... வியாழக்கிழமை சும்மாதான் இருந்தேன் சார். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்? வெயில்ல கெடந்து புளிக்கட்டும்னு நெனச்சேன். உயிரோட இருக்குது உயிரோட இருக்குதுன்னாளே, செத்தா எப்பிடி இருக்கும்னு அவளும் ஒரு வாய் குடிச்சுப் பாக்கட்டும்னு. அவ்ளோதான். ஒரு மனுஷனுக்கு இந்த அளவுக்குக்கூட கோவம் வரக் கூடாதா?

வெள்ளிக்கிழமை போன் பண்ணேன். உன் பாட்டில வெளிய எடுத்து வெச்சாச்சு, லூயி பார் மாடியில இருக்குது, வந்து எடுத்துக்கன்னேன். ஒண்ணே ஒண்ணு கேட்டா. எப்பண்ணா எடுத்தீங்க?

இன்னிக்குக் காலைலன்னேன்.

என்னா சார் பாக்கறீங்க? மூணு நாளாச்சுன்னு சொன்னா அவ கத்துவா. அவ வாயி உங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமையும் அதுவுமா எதுக்கு ஒரு சண்டைன்னு ஒரு வார்த்தையை மாத்திச் சொன்னேன். வீட்டுல நாம சொல்றதில்லயா? அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னு போன்ல சொல்லிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் போறதில்லயா? அந்த மாதிரிதான்.

அரியாங்குப்பம் வந்துடுச்சா? இன்னும் நேரம் இருக்குது.

மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆட்டோவுல வந்தா. தெரசாவக்கூடக் கூட்டிட்டு வரல. சாக்கு இல்ல, கண்ணாடி மூடி இல்ல, ஒரு காட்டன் சேலை, இடுப்புல சொருகிக்கிட்டு விறுவிறுன்னு மாடி ஏறினா. நான் கீழ கல்லாகிட்ட நின்னு அடுத்த வாரத்துக்கு லூயிகிட்ட ஆர்டர் எடுத்துக்கிட்டு இருக்கேன். என்னைப் பாத்தா, நின்னு பேசல. அந்த கோவத்துலயும், வெயிலுக்கு மோர் குடிங்கண்ணா, மூஞ்சி வாடிக் கெடக்குதுன்னா.

அவ மேல போன கொஞ்ச நேரத்துல ஒரு பாட்டில் வெடிச்சுது. அப்புறம் மடமடன்னு நாலஞ்சு. ஒரு பாட்டில் போனா பக்கத்துல இருக்கறதும் போவுமாமே, அப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். அண்ணான்னு ஒரு சத்தம். லூயின்னு கூப்பிடல சார், அண்ணான்னுதான். லூயி ஓடினான். நானும் ஓடினேன். போயி மொதல்ல கீழ கெடந்த கண்ணாடியத்தான் பாத்தேன், வெடிச்சது எங்க பாட்டிலா அவ பாட்டிலான்னு. கம்பெனி சம்பளம் வாங்கறவன் அதைப் பாத்துதானே ஆவணும்? எங்களது இல்ல. அப்பதான் மூச்சு வந்துச்சு. உடனே சதுர்வேதி சாருக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். அதுக்குள்ள லூயி அவளத் தூக்கிக்கிட்டு எறங்கிட்டான்.

ஒரு கண்ண எடுத்துட்டாங்க. இன்னொண்ணுல வெளிச்சம் மட்டும் தெரியுது, பகலா ராத்திரியான்னு. நான் அழுதேன் சார். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து கொழந்த மாதிரி அழுதேன். நர்ஸ் பொண்ணு தண்ணி கொண்டாந்து கொடுத்துது.

சதுர்வேதி சார் கைவிடல. நாலாம் நாளே ஆள் மூலமா பத்திரம் அனுப்பிட்டாரு. ஆஸ்பத்திரிச் செலவு பூரா கம்பெனி பாத்துக்கும். வல்லி பீர்ங்கற பேரையும் அதைக் காய்ச்சற பக்குவத்தையும் கம்பெனி வாங்கிக்கும். வேற எந்தக் கம்பெனி செய்யும்? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆனா அவ கண்ணு ரெண்டும் கட்டியிருக்குது, படிக்க முடியாது. நான்தான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து படிச்சுக் காட்டினேன். இங்கிலீஷ்ல இருக்கறதத் தமிழ்ல சொல்லிச் சொல்லி. ரெண்டு பக்கம் படிச்சேன். மூணாம் பக்கம் அவ்ளோ முக்கியமில்ல.

என்ன இருந்துச்சுன்னா... கம்பெனி மேல கேஸ் போடக் கூடாது. அப்புறம், இனிமே எந்தப் பேர்லயும், எந்த எடத்துலயும், யாரோட சேந்தும் அவ பீரு காய்ச்சக் கூடாது. சாகற வரைக்கும். கண்ணே இல்லாதவ இனிமே என்னத்தக் காய்ச்சப் போறான்னு அதை விட்டுட்டேன். அவ விடல சார். கட்டுப் போட்ட மூஞ்சிய என் பக்கம் திருப்பி, இதுல காய்ச்சறதுக்குத் தடை கிடை ஏதாவது இருக்காண்ணான்னு கேட்டா. சீச்சீ, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மான்னேன். நொந்து கெடக்கற பொண்ணுகிட்ட வேற எப்பிடிச் சொல்றது? இருக்குதுன்னு சொன்னா அங்கயே உயிர விட்டிருப்பா. அவ கையப் புடிச்சு, கையெழுத்துப் போடற எடத்துல பேனாவ வெச்சேன். அவளுக்கு மொதமொத அ, ஆ எழுதக் கையப் புடிச்சதும் நான்தான். அதை நெனச்சுக்கிட்டேன்.

அதோட முடிஞ்சிருக்கணும். அந்த லூயிப் பய வந்து, பாட்டில வெளிய எடுத்தது செவ்வாக்கிழமைன்னு அவகிட்ட ஒளறிட்டான். அன்னியிலேருந்து என்கிட்டப் பேச்சு இல்ல. கண்ணு போனதுக்குக்கூட இல்ல சார், காலைலன்னு ஒரு வார்த்தை சொன்னேனே அதுக்கு! நான் போனா, எழுந்து உள்ள போயிடறா. சுவத்தத் தடவித் தடவி, முட்டிக்கிட்டு, ஆனாலும் போயிடறா. ஒரு வார்த்தைக்காக ரத்த உறவ அறுப்பாங்களா சார்?

இப்ப வல்லி பீரு எங்க கம்பெனி போடுது, பாத்திருப்பீங்க. டின்னுல வருது. சூடு பண்ணி வடிகட்டிதான். கையால காய்ச்சியதுன்னு மேல போட்டிருக்கும். ஒரு பொண்ணு படம், நல்லா பெரிய பெரிய கண்ணு. எட்டு மாநிலத்துல ஓடுது. தங்கச்சி வெச்ச பேரு எட்டு மாநிலத்துல! அவளா இருந்தா பாகூர் தாண்டியிருக்குமா? எனக்கு ஏரியா மேனேஜர் போஸ்ட்டு கொடுத்தாங்க. அதையும் அவகிட்டச் சொல்லலாம்னு ஸ்வீட் வாங்கிட்டுப் போனேன். ஸ்வீட் டப்பாவ தெரசா வாசல்லயே வெச்சுட்டா, நாய் தின்னுச்சு.

தவளக்குப்பம். இன்னும் கொஞ்சம்தான்.

விஷயம் என்னான்னா, அவ திரும்பக் காய்ச்சறா சார்! தெரசா பேருல லைசென்ஸ் வாங்கி, தெரசா வீட்டுப் பின்னால. கண்ணு தெரியாம! டேங்க்ல காத வெச்சுக் கேக்கறாளாம், உள்ள கொதி எப்பிடி இருக்குதுன்னு. மோந்து பாத்தே நாள் சொல்லிடறாளாம். பாட்டிலுக்கு லேபிள் கெடையாது. கழுத்துல ஒரு நூலு, எந்த வாரத்துச் சரக்குன்னு தடவிப் பாக்க அதுல ஒண்ணு ரெண்டுன்னு முடிச்சு. பசங்க கடையில வந்து முடிச்சு பீரு இருக்கான்னு கேக்கறானுங்க. லூயி எங்க ஃப்ரிட்ஜயே திருப்பிக் கொடுத்துட்டான் சார், பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ண சொந்தமா வாங்கி அவ பாட்டில வெச்சிருக்கான். இன்னும் மூணு கடைக்காரன் அதே மாதிரி.

சதுர்வேதி சார் போன் பண்ணாரு. பத்திரத்துல கையெழுத்து இருக்குதே நந்தகோபால், அப்புறம் எப்பிடின்னு. எனக்கு அவமானமாப் போச்சு. இதோ, பையில நோட்டீஸ். இன்னிக்குத் தேதியிலேருந்து நிறுத்தணும், டேங்க் எல்லாம் சீல் வெச்சுடுவாங்க. நிறுத்தலன்னா கம்பெனி கொடுத்த ஆஸ்பத்திரிச் செலவத் திருப்பி வசூல் பண்ணுவாங்க, வீடு போயிடும். ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினா தெரசா வாங்க மாட்டேங்கறா. நேர்ல போயி, எதிர்ல நின்னு, கண்ணு தெரியாதவங்கறதால முழுசாப் படிச்சுக் காட்டி, படிச்சதுக்கு ஒரு சாட்சிக் கையெழுத்தோட கொண்டாங்கன்னு கம்பெனி வக்கீல் சொல்லிட்டாரு. சாட்சி வெளி ஆளா இருக்கணுமாம். கம்பெனி ஆளு கூடாதாம்.

காலைலேருந்து யாரக் கூப்பிடறதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். லூயி வருவானா? தெரசா போடுவாளா? அப்பதான் உங்களப் பாத்தேன்.

அட, ஏன் சார் எழுந்துக்கறீங்க? இன்னும் ஸ்டாப் வரல. உக்காருங்க, உக்காருங்க. உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. ஸ்டாப்லேருந்து அஞ்சு நிமிஷ நடை. நான் படிப்பேன், நீங்க நிப்பீங்க, ஒரு கையெழுத்து. உங்க ஸ்கூலுக்கு மணி அடிக்கறதுக்குள்ள போயிடலாம். வாத்தியாரு கையெழுத்துன்னா கோர்ட்ல மரியாதையே வேற.

இன்னிக்கு தெரசா மார்க்கெட் போற நாளு, விசாரிச்சுட்டேன். வல்லி தனியாத்தான் இருப்பா, டேங்க்ல காத வெச்சுக்கிட்டு. நாம வர்றது காதுல விழுந்தா உள்ள போயிக் கதவ சாத்திக்குவா. அதனால நீங்க வாய மட்டும் தொறக்காதீங்க. செருப்ப வாசல்லயே கழட்டிடுங்க சார், மெதுவா வந்து என் பக்கத்துல நில்லுங்க. அவளுக்குத் தெரியாது.